டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் முதல் தென்காசி வரை: டிகிரி இல்லாமல் ஐ.டி. வேலை



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ஒரு கேள்வி என்னிடம் தவறாமல் வரும். "சார், டிகிரி படிக்க வைக்க வசதியில்லை. ஐ.டி. வேலைக்கு வழி இருக்கா?" ஏலத்தோட்ட வேலைக்கு விடியலில் ஜீப் ஏறும் வீடுகளிலிருந்தும், திராட்சைத் தோட்டத்துக் கூலி வீடுகளிலிருந்தும் வரும் கேள்வி இது. வழி இருக்கிறது. ஆனால் அது எப்போது திறந்தது, எப்போது அடைத்தது என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாறாமல் இருக்கலாம். அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மெஷின் வேலை என்றால் டைப்ரைட்டிங். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள் எத்தனையோ பேர் அரசு அலுவலகங்களில் உட்கார்ந்தார்கள். தேர்வை நடத்தியது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். எவ்வளவு வேகம், எத்தனை பிழை என்பதுதான் அங்கே கணக்கு. குரூப் 4 தட்டச்சர் பணிக்கு இன்றைக்கும் எஸ்.எஸ்.எல்.சி.யும் தட்டச்சுச் சான்றிதழும்தான் அடிப்படைத் தகுதி. கை வேலையைக் காட்டினால் போதும் என்ற முறை நமக்குப் புதிதல்ல.

அடுத்து கம்ப்யூட்டர் சென்டர் காலம். 1981-ல் என்.ஐ.ஐ.டி., 1986-ல் ஆப்டெக் தொடங்கின. 1990-ல் மத்திய அரசு 'ஓ லெவல்' போன்ற கணினிப் படிப்புகளைக் கொண்டுவந்தது. இன்று அவற்றை நடத்துவது நைலிட். ஐ.டி.ஐ.யில் 'கோபா' என்ற ஒரு வருடப் பிரிவும் உண்டு. இவற்றைப் படித்தவர்கள் டேட்டா என்ட்ரி, கணக்கு எழுதும் வேலைகளுக்குப் போனார்கள்.

2000-ல் சென்னையில் டைடல் பார்க் திறந்தபோது காலம் மாறியிருந்தது. வெளிநாட்டு வேலைகள் குவிந்தன, பொறியியல் கல்லூரிகளும் பெருகின. கம்பெனிகள் கல்லூரிக்கே போய்க் கூட்டமாக ஆள் எடுத்தன. ஆயிரம் பேரில் நூறு பேரைப் பிரிக்க பி.இ. என்பது வசதியான சல்லடையாகிவிட்டது. வேலைக்குத் தேவையோ இல்லையோ, பட்டம் இல்லாத பிள்ளை வாசலிலேயே நின்றது.

அந்தச் சல்லடையை ஒதுக்கிவைத்தவர் ஸ்ரீதர் வேம்பு. அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1996-ல், நம் தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்த அதே வருடம், தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் 'சோஹோ' ஆனது. கல்லூரி மதிப்பெண்ணுக்கும் வேலைத் திறமைக்கும் பெரிய தொடர்பில்லை என்று அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். 2005-ல் 6 மாணவர்களோடு தாங்களே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு 2 வருடம் கணிதம், ஆங்கிலம், புரோகிராமிங் பயிற்சி. கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகை உண்டு. 2011-ல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தார்கள். பிறகு அங்கேயும் இந்தப் பள்ளி வந்தது.

2017-ல் எச்.சி.எல். நிறுவனம் 'டெக்பீ' திட்டத்தைத் தொடங்கியது. பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்களுக்குப் பயிற்சி, பிறகு வேலை, வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பு. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச்சில் வந்தது. அமெரிக்காவில்கூட ஐ.பி.எம். நிறுவனம் 2016 முதல் பட்டமில்லாத திறமைசாலிகளைத் தேடுவதாகச் சொல்லிவருகிறது.

இந்த வரலாற்றில் நான் பார்ப்பது இதுதான். பயிற்சிப் பொறுப்பைக் கம்பெனியே தன் தோளில் ஏற்ற இடங்களில்தான் கதவு திறந்திருக்கிறது. சான்றிதழை மட்டும் கொடுத்து வெளியே அனுப்பிய இடங்களில் சின்ன வேலையோடு நின்றுவிட்டது. ஆகவே "பணம் கட்டு, வேலை நிச்சயம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல திட்டமாக இருந்தாலும் கட்டணம் எவ்வளவு, எத்தனை வருடம் ஒப்பந்தம், நடுவில் விலகினால் என்ன என்று எழுத்தில் படித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. நானும் ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு வகுப்பறைக்குள் போனவன்தான். பட்டம் இல்லாததால் என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு குறைந்துவிடவில்லை. ஆனால் பதவி உயர்வு என்று வந்தபோது பட்டம் வைத்திருந்தவர்கள்தான் முன்னே போனார்கள். ஐ.டி.யிலும் அப்படித்தான். எச்-1பி விசாவுக்குப் பட்டமோ அதற்கு இணையான அனுபவமோ கேட்கிறார்கள். எனவே வேலையில் சேர்ந்ததும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பதிவு செய்துவிடுங்கள். டிகிரி தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சம்பாதித்துக்கொண்டே பிறகு வாங்கலாம் என்கிறேன்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரை, தென்காசி நமக்குத் தூரமில்லை. சென்னைக்கே 2023 ஜூனிலிருந்து போடியில் ரயில் ஏறலாம். வசதியில்லை என்று பிளஸ் டூவோடு நிறுத்தி, அவசரமாக மாப்பிள்ளை பார்க்க வேண்டாம். ஒரு தேர்வு எழுதிப் பார்க்கட்டும்.

என் மாணவர்களில் ஐ.டி.யில் இருப்பவர்கள், உங்கள் கம்பெனியில் பிளஸ் டூ பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்றால் கீழே எழுதுங்கள். யார் வீட்டுப் பிள்ளைக்காவது உதவும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்