திண்ணையோரத்துச் செம்பு

திருவையாற்றில் எங்கள் வீட்டுத் திண்ணையோரம் எப்போதும் ஒரு செம்பில் தண்ணீர் இருக்கும். கைகால் கழுவாமல் யாரும் வாசற்படி தாண்ட முடியாது; பாட்டி விடமாட்டாள்.

ஆடியில் காவிரி செங்காவியாகப் புரண்டு வரும். பாட்டி குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பாள். வண்டல் அடியில் தங்கி, மேலே நீர் பளிங்காய் நிற்கும். ஆனால் தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் இல்லை. குளிப்பதும் துவைப்பதும் மாடு கழுவுவதும் நடந்த ஆற்றில்தான் குடிக்கவும் மொண்டார்கள். வாந்திபேதி வீடு புகுந்த வழியும் அதுதான். வேப்பிலை கட்டி, மாரியம்மனை வேண்டிக்கொண்டார்கள்.

1854இல் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், வாந்திபேதி எனப்பட்ட காலராவுக்குக் காரணம் தெருவிலிருந்த ஒரு அடிபம்பின் தண்ணீர் என்று காட்டினார். 1884இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக், கல்கத்தாவில் மக்கள் புழங்கிய குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். கொதிக்க வைத்தால் அது செத்துவிடும். தேற்றாங்கொட்டையை மட்டும் நம்ப முடியாது.

சோப்புப் போட்டுக் கை கழுவினால் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும் என்கின்றன ஆய்வுகள். பாட்டியின் செம்பில் வெறும் தண்ணீர்தான். அம்மா காலத்தில் அதன் பக்கத்தில், கொட்டாங்கச்சியில், ஒரு சோப்புத் துண்டு வந்து உட்கார்ந்தது.