காலாங்: பெயரில் வாழும் ஆற்றங்கரை

சிங்கப்பூரின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கும் பலரும், 1819ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் வந்திறங்கியதிலிருந்தே தொடங்குவார்கள். அதே ஆண்டில், சற்றே கிழக்கில், காலாங் ஆற்றின் கழிமுகச் சதுப்பில் ஏறக்குறைய 500 பேர் படகுகளையே வீடாகக் கொண்டு வாழ்ந்து வந்தனர். ‘ஒராங் பிடுவண்டா காலாங்’ என்பது அவர்களின் பெயர். அப்போது தீவின் மொத்த மக்கள்தொகையே சுமார் 1,000 என மதிப்பிடப்படுகிறது. அப்படியானால், அன்றைய சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்த ஆற்றின் மக்கள்!

ஆழ்கடலை நாடாமல் ஆற்று மீனையும் சதுப்புநிலக் காட்டையும் நம்பி வாழ்ந்த அவர்களுக்குப் புதிய துறைமுகத்தில் இடம் இல்லாமல் போயிற்று. பிரிட்டிஷார் கால் ஊன்றிய சில ஆண்டுகளில், தெமெங்கோங் அவர்களை ஜோகூரின் பூலாய் ஆற்றுப் பகுதிக்கு மாற்றினார். 100 குடும்பங்களாக இருந்த அந்த மக்களில், 1847ஆம் ஆண்டின் பெரியம்மைக்குப் பிறகு எஞ்சியவை எட்டுக் குடும்பங்கள் மட்டுமே.

மக்கள் போனார்கள், ஆற்றின் பெயர் நின்றது. அதன் பிறகு ஒவ்வொரு காலத்திலும் நகரம் தனக்குத் தேவையான ஏதோ ஒன்றைத் தேடி இந்தக் கரைக்கு வந்தது. காலாங் நகரத்துக்குள் கரைந்த கதை இதுதான்.

முதலில் நகரத்துக்கு வெளிச்சம் தேவைப்பட்டது. 1862இல் கம்போங் பூகிஸ் அருகே எரிவாயு ஆலை இயங்கத் தொடங்கியது. நிலக்கரியைப் படகில் கொண்டுவந்து இறக்க ஆற்றங்கரை வசதியாக இருந்தது. 1864இல் சிங்கப்பூரின் தெருக்களில் எரிவாயு விளக்குகள் எரிந்தன. ஆலை 1998 வரை இயங்கியது. அதே வட்டாரத்தில், காலாங் சாலையில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய ஸ்ரீ மன்மத காருணீஸ்வரர் ஆலயம் இன்றும் நிற்கிறது. இந்தக் கரையில் தமிழர்களுக்கும் ஒரு பழைய பந்தம் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்து நகரத்துக்கு வானூர்தி தேவைப்பட்டது. சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டு, 1937 ஜூன் 12ஆம் தேதி காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. தரையில் இறங்கும் விமானங்களோடு, நீரில் இறங்கும் விமானங்களும் இங்கு வந்தன. அதற்காகக் காலாங்கை விட்டு நகர்ந்த மலாய்க் குடும்பங்கள் யூனோஸ் பகுதியின் கம்போங் மெலாயுவில் குடியேறின. ஆனால் 1955இல் பாய லேபாரில் புதிய விமான நிலையம் வந்தது. ஒரு கிராமத்தின் இடத்தைப் பிடித்த விமான நிலையம் 18 ஆண்டுகளே நீடித்தது. 1956இல் மெர்டேக்கா பாலமும், 1973இல் தேசிய விளையாட்டரங்கமும் அந்தச் சுற்றுவட்டாரத்தின் முகத்தை மீண்டும் மாற்றின.

கடைசியாக நகரத்துக்கு வேண்டியது தண்ணீர். பட்டறைகள், மரம் அறுக்கும் ஆலைகள், பன்றிப் பண்ணைகள், தெருவோர உணவுக் கடைகள் ஆகியவற்றின் கழிவெல்லாம் சேர்ந்து, 1970களில் ஆற்று நீர் கறுத்து நாறியது. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ பத்து ஆண்டுகளில் ஆறுகள் தூய்மையாக வேண்டும் என்று இலக்கு வைத்தார். சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆற்றுப் படுகையும் 1987க்குள் தூய்மையாயின. அந்தப் பணிக்காக இடம் மாறிய குடும்பங்கள் ஏறக்குறைய 26,000. மூடப்பட்ட பன்றிப் பண்ணைகள் 610. வாத்துப் பண்ணைகள் 500. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின், காலாங்கின் நீர் நல்ல நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, குழாய் வழியே வீடுகளுக்கு வருகிறது.

இதை இழப்பு என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. அடுக்குமாடி வீடும், குழாய்த் தண்ணீரும், கழிவுநீர் வசதியும் கம்போங்வாசிகளுக்குப் பெரிய பேறுதான். சுகாதாரம் உயர்ந்தது, நோய் குறைந்தது. அதே நேரத்தில், பண்ணையை மூடிய முதியவருக்கு மாடி வீட்டில் பிழைப்புக்கு என்ன வழி? அண்டை வீட்டாரெல்லாம் வெவ்வேறு பேட்டைகளுக்குப் பிரிந்தபோது அந்த உறவுக்கு என்ன விலை? தூய்மையான ஆற்றின் கணக்கில் இவையும் சேரவேண்டும்.

தலைமைத்துவங்கள் மாறின, தேவைகள் மாறின. ஒவ்வொரு முறையும் இடம்விட்டு நகர்ந்தவர்கள் கரையில் இருந்த எளிய மக்களே. அவர்களுக்குச் சிலை இல்லை. பெருவிரைவு ரயிலில் ‘காலாங்’ என்று அறிவிப்பு ஒலிக்கும்போது இறங்குபவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மக்களின் பெயரும் என்று தெரியும்? பிள்ளைகளுக்கு 1819ஆம் ஆண்டைச் சொல்லித் தரும்போது, அந்த ஆண்டில் காலாங் ஆற்றில் மிதந்த படகு வீடுகளையும் சேர்த்துச் சொல்லித் தரலாம்.