வாஷிங்டன் பார்க் நிலையக் கலை

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், மேக்ஸ் இலகு ரயில் தடத்துச் சுரங்க நிலையம் ஒன்றில் அமைந்த பொதுக் கலைப் பணி. நிலையம் 1998 செப்டம்பரில் திறக்கப்பட்டது. தரைக்கு 79 மீட்டர் கீழே இருக்கும் இது, வட அமெரிக்காவின் மிக ஆழமான ரயில் நிலையம்.

சுரங்கம் தோண்டுவதற்கு முன் நிலத்தின் தன்மையை அறிய, ஆழமாகத் துளையிட்டுப் பாறையை நீண்ட உருளையாக வெளியே எடுப்பார்கள். இங்கே அந்த மாதிரியையே நடைமேடைச் சுவரில் கிடைமட்டமாகப் பதித்து, கூடவே ஒரு காலக்கோட்டையும் பொறித்தார்கள். ஏறத்தாழ 1.6 கோடி ஆண்டுப் பழமையான எரிமலைப் பாறையை, ரயில் வரும்வரை நின்று பார்க்கலாம். எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டிய அலங்காரமல்ல. நிலையம் அமைந்த மலையின் வயிற்றிலிருந்தே எடுத்தது. இதன் பெருமையே அதுதான்.

சுவரில் 'பை' எண்ணின் இலக்கங்களும் உண்டு. முதல் பத்துத் தசம இலக்கங்கள் சரி. அதன்பின் வரிசை பிசகுகிறது. பத்துப் பத்தாகப் பிரித்து அச்சிட்ட நூலிலிருந்து எடுத்தபோது, குறுக்காகப் படிக்க வேண்டியதை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டார்கள்.

சியாட்டில் சென்ற வழி வேறு. 2016இல் திறந்த கேப்பிடல் ஹில் நிலையத்தில், கலைஞர் மைக் ராஸ் இரண்டு பழைய போர் விமானங்களைத் துண்டுகளாக்கி, மூக்கோடு மூக்கு நெருங்கும்படி நடைமேடைக்கு மேலே தொங்கவிட்டார். பார்த்ததும் கண்ணைக் கவர்வது அதுதான். ஆனாலும் இடத்தோடு பிரிக்க முடியாதபடி ஒன்றியதில் போர்ட்லாந்தின் பாறையே ஒரு படி மேல்.