பண்டித ரமாபாயின் எட்டு ஆண்டுகள்

பண்டித ரமாபாய் 1883ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், இங்கிலாந்திலுள்ள வாண்டேஜ் என்னும் ஊரில் திருமுழுக்குப் பெற்றார். ஆனால் தம் உள்ளம் உண்மையான சமாதானத்தைக் கண்டது அதற்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்தே என்று பிற்காலத்தில் எழுதிய சாட்சியில் அவரே கூறுகின்றார். திருமுழுக்குப் பதிவேட்டில் பெயரெழுதிக் கையொப்பமிடும் ஆயர்களாகிய நாம் இவ்விடைவெளியை எளிதில் கடந்துபோக இயலாது.

1858இல் பிறந்த ரமாபாய்க்கு வடமொழி கற்பித்தவர்கள் பெற்றோரே. வழக்கத்தை மீறித் தம் மனைவிக்கும் அம்மொழியைக் கற்பித்தவர் தந்தை அனந்த சாஸ்திரி. குடும்பம் திருத்தலந்தோறும் நடந்தது; புராணம் படித்தது; பஞ்சத்தில் பெற்றோரை இழந்தது. 1880இல் தமையனார் இறந்தார். 1882இல் கணவர் இறந்தார். கையில் பெண் குழந்தையுடன் கைம்பெண்ணான அவர் நெஞ்சில் பெருஞ்சுமை ஒன்றிருந்தது. பெண்ணாய்ப் பிறந்தவள் பெண்ணாகவே வீடுபேறு அடைய முடியாது என்பதே அவர் கற்ற நூல்கள் அவருக்கு உரைத்த செய்தி. நூல்களில் அவர் பெற்ற புலமையே அவரைக் குற்றவாளியாக்கியது எனலாம்.

லண்டனில் புல்ஹாம் என்னுமிடத்தில், நெறி தவறியவர்களென்று ஊரார் ஒதுக்கிய பெண்களை வாண்டேஜ் சகோதரிகள் பரிவுடன் பேணுவதை அவர் கண்டார். காரணம் வினவியபோது யோவான் நான்காம் அதிகாரத்தின் சமாரியப் பெண்ணின் நிகழ்ச்சியைக் காட்டினர். அங்கே அவர் அறிவு இணங்கியது.

எனினும் அமைதி வந்துவிடவில்லை. திரித்துவம், திருச்சபையின் அதிகாரம் ஆகியவை குறித்துச் சகோதரி ஜெரால்டினுடன் கடிதப் போர் மூண்டது. முட்டை கலந்த இனிப்பை அவர் உண்ண மறுத்ததும் அக்கடிதங்களில் வழக்காயிற்று! சகோதரியின் அன்பை நாம் ஐயுறவில்லை. ஆயினும் கீழ்ப்படிதலையும் விசுவாசத்தையும் அவர் ஒன்றாக்கிக்கொண்டார் என்றே எண்ணுகிறோம். நம் மிஷன் வரலாற்றில் இப்பிழை புதிதன்று.

ஏறத்தாழ 1891இல், வில்லியம் ஹாஸ்லம் என்னும் ஆங்கிலிக்கக் குருவின் தன்வரலாற்றை ரமாபாய் வாசித்தார். ஹாஸ்லம் 1851இல் கார்ன்வாலில் தம் பிரசங்க பீடத்தில் நின்று போதிக்கையில் தாமே மனந்திரும்பியவர். (இறையியல் மாணவர் இதைப் படித்து நகைக்கலாம், சற்றே அஞ்சவும் செய்யலாம்.) கிறிஸ்தவ மார்க்கத்தைத் தாம் கண்டடைந்ததையும், கிறிஸ்துவையோ இன்னும் கண்டடையாததையும் ரமாபாய் அப்பொழுதுதான் உணர்ந்தார். கற்றும் உழைத்தும் தகுதி தேட வேண்டியதில்லை. உள்ளபடியே தம்மை ஏற்றுக்கொள்பவரிடம் நிபந்தனையின்றி ஒப்படைத்தலே வேண்டுவது என்று தெளிந்தார்.

இதைக்கொண்டு 1883ஆம் ஆண்டின் திருமுழுக்கு வெறுமையானது என்று சிலர் தீர்ப்பளிப்பர். நாம் அதற்கு உடன்படோம். அவ்விடைக்காலத்தில்தான் அவர் உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலையைப்பற்றிய நூலை 1887இல் வெளியிட்டார். 1889இல் பம்பாயில் சாரதா சதனத்தைத் திறந்தார். அமைதியற்ற உள்ளத்தையும் ஆண்டவர் பயன்படுத்தினார். அப்படிப்பட்ட ஒருவர் நம் சபையில் இருப்பாரானால், மனமாற்றத்தின் தேதியைக் கேட்டு அவரை வதைப்பதும், பதிவேட்டைக் காட்டி வாயடைப்பதும் நமக்குத் தகுமா?

கிடைத்த அமைதி விரைவிலேயே சோதிக்கப்பட்டது. அதற்குள் பூனாவுக்கு மாறியிருந்த சதனத்தில் மதமாற்றம் நடப்பதாக 1893இல் குற்றச்சாட்டு எழுந்தது. ஆலோசனைக் குழுவினர் விலகினர். பெற்றோர் பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றனர். ரமாபாய் இல்லத்தை மூடவில்லை. 1896இல் பஞ்சம் தொடங்கியபோது, சிறுவயதில் தாம் பசியோடு நடந்ததை நினைவில் கொண்டு, மத்திய மாகாணங்களுக்குச் சென்று ஆதரவற்ற பெண்களையும் சிறுமியரையும் நூற்றுக்கணக்கில் அழைத்துவந்தார். அவர்களுக்கு இடமளித்தது கேட்காவ் என்னும் சிற்றூரில் அவர் வாங்கியிருந்த நிலம்.