கல்லும் வரப்பும்: எங்க பக்கத்து எல்லைத் தகராறுகளின் பழங்கதை

எங்க தென்காசிப் பக்கம் சிற்றாறு பாயுற வயக்காடுகள்ல ரெண்டு குடும்பம் பேசாம இருந்தா, காரணத்தைத் தோண்டிப் பாருங்க. பாதிக்குப் பாதி ஒரு வரப்புலதான் போய் நிக்கும். நல்லது கெட்டதுக்குக்கூட ஒருத்தர் வாசல ஒருத்தர் மிதிக்க மாட்டாங்க.

இத்தனைக்கும் போறது எவ்வளவு? நில அளவைச் சங்கிலி 66 அடி, அதுல 100 லிங்க்ஸ். ஒரு லிங்க்ஸ் சுமார் 20 செ.மீ. மம்பட்டியால வரப்பைச் சீவிச் சீவி, ஒரு சங்கிலி நீளத்துக்கு ஒரு லிங்க்ஸ் நகர்த்தினா போறது 0.1 சென்ட், அதாவது 43 சதுர அடி சொச்சம். பத்து லிங்க்ஸ் நகர்ந்தாத்தான் ஒரு சென்ட்.

இந்தச் சண்டை இன்னைக்கு நேத்து வந்ததில்ல. சோழர் காலத்து ஆனைமங்கலம் செப்பேட்டைப் பாருங்க. பெண் யானையை எல்லை சுத்தி நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டிருக்காங்க. ஊரே பார்க்க நடந்தா நாளைக்கு யாரும் மறுக்க முடியாதுல்ல!

நம்ம திருநெல்வேலிச் சீமையில பழைய பத்திரங்கள்ல ஏக்கர் கிடையாது. கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடுதான். விதை அளவு தெரியும், எல்லை தெரியாது. நாலு பக்கமும் இன்னார் நிலம்னு எழுதியிருக்கும். அந்த இன்னார் போய்ச் சேர்ந்த பிறகு பத்திரம் ஊமை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில சர்வே வந்து கல் நட்டு, புலப்படம் வரைஞ்சாங்க. 1923-ல வந்த சர்வே, எல்லைச் சட்டம் இன்னைக்கும் நடப்புல இருக்கு. நம்ம நிலத்துக் கல்லைப் பராமரிக்கிறது நம்ம பொறுப்புன்னு அந்தச் சட்டம் சொல்லுது. எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்க மாவட்டத்துக்குன்னு தனிச் சிக்கலும் உண்டு. ஊத்துமலை, சிவகிரி மாதிரி ஜமீன் ஊர்கள் 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரிக்கு வந்துச்சு. செங்கோட்டையோ 1956 நவம்பர் 1-ல்தான் சென்னை மாநிலத்தோட சேர்ந்துச்சு. அதுவரை அங்க பதிவேடு திருவிதாங்கூர் முறை. பக்கத்துப் பக்கத்து ஊருக்கே காகிதம் வேற வேற.

அப்புறம் 1979-ல இருந்து 1987 வரை யூ.டி.ஆர். எனும் பதிவேடு புதுப்பிப்பு நடந்துச்சு. அதுக்கு நடுவுல, 1980-ல, பரம்பரைக் கர்ணம் பதவியை அரசு ஒழிச்சுது. அது தேவையான சீர்திருத்தம்தான். ஆனா எந்தக் கல் எந்தப் பனைமரத்து மூட்டுல இருக்குன்னு சொல்ற ஞாபகமும் அவங்களோடயே போச்சு. அந்தப் புதுப்பிப்புல விழுந்த பிழைக்கு இன்னும் மனு எழுதிக்கிட்டிருக்கோம்.

ஆக, தகராறுன்னா மூணு விஷயம் ஒத்துப்போகலைன்னு அர்த்தம்: கல், காகிதம், ஊர் ஞாபகம். மூணையும் ஒரே நாள்ல, ஒரே இடத்துல வைக்கணும். புலப்பட நகல் வாங்குங்க. பணம் கட்டி அளவைக்கு மனு கொடுங்க. முக்கியமா, பக்கத்து வயக்காரரை நீங்களே போய்க் கூப்பிடுங்க. "அண்ணாச்சி, நாளைக்குச் சங்கிலி பிடிக்க வர்றாங்க, நீங்களும் நில்லுங்க"ன்னு ஒரு வார்த்தை. அவரு இல்லாம நட்ட கல்லு அடுத்த உழவுல காணாமப் போயிரும். அவரும் கூட நின்னு நட்ட கல்லை அவரு மவனும் தொடமாட்டான்.