வெந்நீர்க் குழாய்த் தரைகளில் ஓட்டு வெடிப்பு

வெந்நீர்க் குழாய்த் தரைகளில் ஓட்டு வெடிப்பு என்பது, வெந்நீர் செல்லும் குழாய்கள் புதைக்கப்பட்ட தரையின் மேல் ஒட்டப்பட்ட தரையோடுகள் வெடித்தல், ஒட்டு விட்டுப் பெயர்தல், மேலெழும்புதல் ஆகிய குறைபாடுகளைக் குறிக்கும். பேச்சு வழக்கில் டைல்ஸ் எனப்படும் சுடுமண் ஓடுகளிலும், சலவைக்கல் போன்ற இயற்கைக் கற்பலகைகளிலும் இது காணப்படுகிறது. தரையடி வெப்பமூட்டல் பரவலாக உள்ள ஐரோப்பா, கொரியா, வட அமெரிக்கா போன்ற குளிர் மிகுந்த பகுதிகளின் கட்டிடங்களில் இது கவனத்துக்குரிய ஒன்றாகும். பெரும்பாலும் தோற்றக் குறைபாடாக மட்டுமே இருப்பினும், சில வேளைகளில் இது குழாய்க் கசிவின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

வரலாறு

தரையைச் சூடாக்கும் வழக்கம் பழமையானது. உரோமர்களின் கைப்போகாசுட்டு, கொரியாவின் ஒண்டோல் ஆகிய முறைகளில் தரைக்கு அடியில் சூடான புகையும் காற்றும் செலுத்தப்பட்டன. 20ஆம் நூற்றாண்டில் புகையின் இடத்தை வெந்நீர் பிடித்தது. அமெரிக்கக் கட்டிடக்கலைஞர் பிராங்க் லாய்டு ரைட் 1937இல் கட்டி முடிக்கப்பட்ட யேக்கப்சு வீட்டில் தளத்துக்குக் கீழே வெப்பக் குழாய்களை அமைத்தார். 1947இல் நியூ யோர்க் மாநிலத்தில் கட்டத் தொடங்கிய லெவிட்டவுன் வீடுகளில் செப்புக் குழாய்கள் காங்கிறீட்டுத் தளத்துக்குள்ளேயே புதைக்கப்பட்டன. 1960களின் இறுதியில் உருவான குறுக்குப்பிணைப்புப் பாலியெத்திலீன் குழாய்கள், பின்னர் உலோகக் குழாய்களின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன.

கொரிய வீடுகளில் எண்ணெய் பூசிய தாளும், பிற்காலத்தில் வினைல் விரிப்பும் தரை மூடியாகப் பயன்பட்டன. இவை வளையக்கூடியவை. ஆதலால் அடித்தளத்தின் சிறு வெடிப்புகள் மேலே தெரிவதில்லை. விறைப்பான சுடுமண் ஓடு அடித்தளத்தின் அசைவை அவ்வாறு ஏற்றுக்கொள்வதில்லை.

காரணங்கள்

*வெப்ப விரிவு வேறுபாடு.* வெப்பநிலை 1 பாகை செல்சியசு உயரும்போது, ஒரு மீட்டர் நீளமுள்ள காங்கிறீட்டு ஏறத்தாழ 0.011 மிமீ விரியும். சுடுமண் ஓடு ஏறத்தாழ 0.006 மிமீ மட்டுமே விரியும். 6 மீட்டர் நீளமுள்ள தரை 20 பாகை சூடேறினால், காங்கிறீட்டு 1.3 மிமீ அளவும், ஓட்டுப் பரப்பு 0.7 மிமீ அளவும் நீள முயலும். எஞ்சிய 0.6 மிமீ வேறுபாட்டை ஒட்டுச் சாந்தும் ஓட்டிடைச் சாந்தும் தாங்கவேண்டும். அவை விறைப்பாக இருப்பின் ஓடு இழுவிசைக்கு உட்பட்டு வெடிக்கும், அல்லது ஒட்டு விட்டுப்போகும்.

*சாந்துப் படையின் சுருக்கம்.* குழாயை மூடும் சிமெந்துச் சாந்துப் படை உலரும்போது சுருங்குகிறது. முழுமையாக உலருமுன் ஓடு ஒட்டப்பட்டால், பின்னர் ஏற்படும் சுருக்கம் ஓடுகளை ஒன்றோடொன்று நெருக்கும். இதனால் அவை கூடாரம் போல் மேலெழும்பும்.

*குழாயின் மேல் மூடுதடிப்புக் குறைதல்.* சரியாகக் கட்டி நிறுத்தப்படாத குழாய், சாந்து ஊற்றும்போது மேலே மிதந்து வரக்கூடும். அவ்விடத்தில் சாந்துப் படை மெலிந்து, குழாயின் வழியே வலுக்குறைந்த கோடு ஒன்று உண்டாகிறது. வெடிப்பும் அக்கோட்டையே பின்பற்றும்.

*உறையிடாத உலோகக் குழாய்.* செம்பு, மீட்டருக்கு 1 பாகைக்கு ஏறத்தாழ 0.017 மிமீ விரியும். 40 பாகை சூடேறும் 6 மீட்டர் செப்புக் குழாய் 4 மிமீ வரை நீள முயலும். சாந்து நேரடியாகப் பற்றியிருந்தால் குழாய் சாந்தைத் தள்ளும். நெகிழிக் குழாய் இதனினும் பன்மடங்கு விரியக்கூடியது. எனினும் அது மென்மையானதாகையால் சாந்தின் மீது செலுத்தும் விசை குறைவு.

*திடீர்ச் சூடாக்கம்.* தரையடி வெப்பமூட்டலில் நீர் மிதமான சூட்டில் நீண்ட நேரம் ஓடுகிறது. குளியலறைக் குழாய்க்குச் செல்லும் வெந்நீரோ கூடிய சூட்டில் விட்டுவிட்டு ஓடுகிறது. காப்பிடப்படாத இத்தகைய குழாய், தரையின் ஒடுங்கிய பட்டை ஒன்றை மட்டும் மீண்டும் மீண்டும் சூடாக்கிக் குளிரச் செய்கிறது.

கசிவிலிருந்து வேறுபடுத்தல்

வெடிப்பைக் கண்டதும் குழாய் உடைந்துவிட்டதாகக் கருதித் தரையைத் தோண்டுவது, நன்றாக உள்ள குழாயைத் துளைப்பதில் முடியக்கூடும். மாறாக, கசிவைச் சாதாரண வெடிப்பு எனக் கருதிச் சாந்து பூசி மறைத்தால் அடித்தளம் தொடர்ந்து நனையும். எனவே முதலில் பின்வருவன ஆராயப்படுகின்றன:

* மூடிய சுற்றின் அழுத்தமானி, நீர் சேர்க்காத நிலையில் தொடர்ந்து இறங்கினால் கசிவு ஐயத்துக்குரியது.
* குடிநீர் இணைப்பிலுள்ள வெந்நீர்க் குழாயாயின், எல்லாக் குழாய்களையும் மூடிய பின்னரும் நீர்மானி சுற்றினால் கசிவு இருக்கலாம்.
* ஓட்டைத் தட்டும்போது எழும் வெற்றொலி, ஒட்டு விட்டுப்போனதைக் காட்டும்.
* வெப்பப் படக்கருவியில் குழாய்கள் தெளிவான கோடுகளாகத் தெரியும். கசியும் இடத்தில் சூடு பரவிய திட்டாகத் தெரியலாம்.
* கருவி இல்லாவிடில், தரையை ஈரமாக்கிச் சூடாக்கினால் குழாய்க்கு மேலுள்ள பகுதி முதலில் உலர்ந்து அதன் பாதையைக் காட்டும்.

தடுப்பு முறைகள்

ஐரோப்பியத் தரநிலை ஈ.என் 1264, தரை மேற்பரப்பின் வெப்பநிலை வாழ்விடங்களில் 29, குளியலறைகளில் 33, அறையின் ஓரப் பகுதிகளில் 35 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது என்கிறது. ஓடு அல்லது கல் பதிக்கப்படும் சாந்துப் படையை 40 சதுர மீட்டருக்கும், 8 மீட்டர் நீளத்துக்கும் மேற்படாத பகுதிகளாக விரிவு இடைவெளிகளால் பிரிக்கவேண்டும். இவ்விடைவெளி ஓட்டுப் பரப்பிலும் அதே இடத்தில் தொடரவேண்டும். அதை ஓடு கொண்டு மூடினால் வெடிப்பு அவ்விடத்திலேயே தோன்றும். இடைவெளியைக் கடக்கும் குழாய்க்கு உறைக்குழாய் இடப்படுகிறது. சுவரோரங்களில் 5 மிமீ அசைவுக்கு இடந்தரும் மென்பட்டை வைக்கப்படுகிறது.

சிமெந்துச் சாந்து இட்டு 21 நாட்களுக்குப் பின்னரே முதற் சூடாக்கம் தொடங்கப்படுகிறது. முதல் 3 நாட்கள் 20 முதல் 25 பாகையிலும், அடுத்த 4 நாட்கள் உச்ச வடிவமைப்பு வெப்பநிலையிலும் நீர் ஓடவிடப்படும். ஓடு பதித்தல் இதற்குப் பின்னரே. அப்போது நெகிழ்தன்மையுள்ள ஒட்டுச் சாந்தை ஓட்டின் அடிப்பரப்பு முழுவதும் படியுமாறு இடுவது இன்றியமையாதது.

திருத்தம்

கசிவு இல்லையென உறுதியானபின், குழாய்ப் பாதை தரையில் குறிக்கப்படுகிறது. வெடித்த ஓடுகள், ஆழம் கட்டுப்படுத்தப்பட்ட கருவியால் அகற்றப்படுகின்றன. சாந்துப் படையிலுள்ள அசையாத வெடிப்புகள் எப்பொக்சிப் பிசினால் நிரப்பப்படலாம். வெப்பத்தால் திறந்து மூடும் வெடிப்பை அவ்வாறு அடைத்தால், புதிய வெடிப்பு அருகிலேயே தோன்றும். அதை விரிவு இடைவெளியாக மாற்றுவதே பொருத்தமானது. காரணத்தை நீக்காமல் ஓட்டை மட்டும் மாற்றினால் அதே கோட்டில் வெடிப்பு மீண்டும் வரும்.

இவற்றையும் பார்க்க

* தரையடி வெப்பமூட்டல்
* ஒண்டோல்
* வெப்ப விரிவு
* தரையோடு