கருப்பு மோட்டார்ப் பூச்சில் சுழற்கீறலும் மெருகு மூட்டமும் நீக்கல்

சுழற்கீறல் என்பது மோட்டார் வண்டியின் மேற்பூச்சில், கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுகின்ற, விரலுக்குத் தட்டுப்படாத நுண்ணிய கீறல்களின் கூட்டமாகும். வெயிலிலோ விளக்கொளியிலோ பார்க்கையில், ஒளி விழும் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகத் தோன்றுவதால் அதற்கு இப்பெயர் அமைந்தது. மெருகு மூட்டம் என்பது, அக்கீறலைப் போக்குவதற்கென்று செய்த மெருகீடே தன் சுவட்டை விட்டுச் செல்வதால் உண்டாகும் பால் போன்ற மங்கலாகும். இதில் தனித்தனிக் கீறல் எதுவும் கண்ணுக்குப் புலப்படாது, பிரதிபலிப்பு மட்டும் புகை படிந்த கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் தெளிவிழந்து நிற்கும். பட்டறைகளில் முன்னதை ஸ்விர்ல் என்றும், பின்னதை ஹேஸ் என்றும், சுழல் இயந்திரத்தின் பாதையிலேயே வால் வாலாக ஓடும் நிழற்கோடுகளை ஹாலோகிராம் என்றும் வழங்குவர். இவை எல்லா நிறத்து வண்டியிலும் உண்டாயினும் கருப்பில்தான் பிரத்தியட்சமாகத் தெரிகின்றன.

இன்றைய வண்டியின் எஃகுத் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர் என்னும் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதற்கும் மேலே கிளியர் கோட் என்னும் நிறமற்ற தெளிபூச்சு என்று அடுக்குகள் அமைந்திருக்கின்றன. அனைத்தும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம். அதில் தெளிபூச்சின் பங்கு 40 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைவிற்கொண்டால், வெயிலையும் மழையையும் உப்புக்காற்றையும் பல ஆண்டுகள் தாங்கவேண்டிய அந்தக் கவசம் எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும். சுழற்கீறல் இத்தெளிபூச்சில் விழுவதேயன்றி அதன் கீழுள்ள கருப்பு நிறத்தைத் தொடுவதன்று.

அவ்வாறாயின் அது கருப்பில் மட்டும் ஏன் இத்துணை துலக்கமாகத் தெரிகிறது என்றால், அதற்கு விடை ஒளியின் சுபாவத்தில் இருக்கிறது. தெளிபூச்சின்மேல் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கே கண்ணாடியிற்போல் திரும்பி வருகிறது. மீதி உள்ளே இறங்குகிறது. வெள்ளை வண்டியில் அவ்வாறு இறங்கிய ஒளி நிறப்பூச்சிற்பட்டுச் சிதறி, நாற்புறமும் மீண்டு வந்து, கீறலின் சிறு மினுக்கத்தைத் தன்னுள் அமிழ்த்திவிடுகிறது. கருப்பு வண்டியிலோ இறங்கிய ஒளி முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடுவதால், கண்ணுக்கு வருவதெல்லாம் மேற்பரப்பிலிருந்து வருவதாகவே இருக்கிறது. அப்பரப்பில் ஒரு மயிரிழைக் கீறல் ஒளியைச் சற்றே வேறு பக்கம் திருப்பினாலும் அது இருட்டறையில் தீக்குச்சி கிழித்ததுபோல் எடுத்துக் காட்டும். கருப்புப் பூச்சு மற்றவற்றினும் மென்மையானது என்று வண்டிக்காரர்களிடையே ஓர் அபிப்பிராயம் உண்டு. அது பொருந்தாது, ஏனெனில் ஒரே ஆலையில் வெள்ளைக்கும் கருப்புக்கும் மேலே அடிப்பது பெரும்பாலும் ஒரே தெளிபூச்சுதான்.

வட்ட வட்டமாகத் தெரிவதும் ஒரு தோற்றமே. கீறல்கள் உண்மையில் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடப்பவை. அவற்றுள் விளக்கை நோக்கிய கோட்டிற்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. டார்ச் விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். இதனால்தான் ட்யூப்லைட் எரியும் ஷெட்டில் மாசற்றதாகத் தோன்றிய வண்டி, மறுநாள் காலை வெயிலில் நிறுத்தப்பட்டதும் சொந்தக்காரர் மனத்தை நோகச் செய்கிறது.

காசிமேடு, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீண்டுகிடக்கும் வட சென்னைப் பகுதியில் கருப்பு வண்டி வைத்திருப்பது உண்மையிலேயே சிரமமான காரியம். இரவெல்லாம் கடற்காற்று உப்பீரத்தைக் கொண்டுவந்து படியவைக்கிறது. துறைமுகத்தை நோக்கி வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் சக்கரங்கள் புழுதியைக் கிளப்புகின்றன. வடக்கே அனல்மின் நிலையங்களின் சாம்பலும் நிலக்கரித் தூளும் காற்றில் கலக்கின்றன. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளப்படுவதை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2011-இல் நிறுத்தி, அச்சரக்குகளை எண்ணூருக்கு மாற்றியபின் இராயபுரத்து வீடுகளின் திண்ணைகளில் கரி படிவது குறைந்ததே தவிர, இந்தக் கரையின் காற்று முற்றும் தூயதாகிவிடவில்லை.

இவற்றுள் கீறுவது எது என்பதை அறிந்துகொள்வது அவசியம். உப்பு மென்மையான பொருள். தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளவிடும் மோஸ் அளவுகோலில் அது 2½ என்ற அளவில் நிற்பது. நீர் பட்டவுடன் கரைந்து போவது. மணலிலுள்ள குவார்ட்ஸ் அதே அளவுகோலில் 7. பூச்சைக் கீறுவது அதுவே. அனல் சாம்பலின் கண்ணாடித்துகளும் அதற்குத் துணை நிற்கிறது. உப்பு செய்யும் தீங்கு வேறு வகைப்பட்டது: அது காற்றின் ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டு, மணலையும் சாம்பலையும் பசைபோல் பிடித்து நிறுத்துகிறது. விடியற்காலையில் காசிமேட்டுத் தெருவொன்றில் நிற்கும் கருப்பு வண்டியின் பானெட்டில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால், விரல் நுனியில் ஒட்டுவது வறண்ட தூசியன்று. லேசாகப் பிசுபிசுக்கும் சாம்பல் நிறக் குழம்பு. வண்டி துடைக்க வரும் பையன் அந்தக் குழம்பின்மேல் மஞ்சள் துணியை வைத்துத் தன் முழங்கை சுற்றும் வீச்சளவுக்கு ஓர் அரைவட்டம் இழுக்கிறான். அன்று மாலை வெயில் சாயும்போது அதே பானெட்டைப் பார்த்தால், அந்த அரைவட்டம் அப்படியே மயிரிழைகளாக எழுதப்பட்டிருக்கும். ஒரே வாளித் தண்ணீரும் ஒரே துணியும் வரிசையாக ஐந்தாறு வண்டிகளுக்குப் போகும்போது, முதல் வண்டியின் மணல் கடைசி வண்டிக்கும் போய்ச் சேருகிறது. தூசி படிந்த டிக்கியில் பிள்ளைகள் விரலால் எழுதும் பெயர்கள், கழுவியபின்னும் ஒளியில் வாசிக்கக் கிடைப்பது இதே காரணத்தால்தான்.

தண்ணீரும் இங்கே முற்றிலும் நண்பனன்று. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்துள்ளமை நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் விஷயம். வட சென்னையில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். அத்தண்ணீரில் கழுவி வெயிலில் உலரவிட்ட கருப்பு வண்டியின்மேல் துளித்துளியாக வெண்புள்ளிகள் நிற்கும். நாட்பட்டால் அவை தெளிபூச்சை அரித்துக் குழியாக்கிவிடும். ஆயுத பூஜைக்கு இட்ட விபூதியையும் சந்தனத்தையும் மறுநாள் உலர்ந்த நிலையிலேயே சுரண்டித் துடைப்பதும் கருப்பு வண்டிக்கு ஆகாது. அவற்றை நீரில் ஊறவைத்துக் கரைத்தே எடுக்கவேண்டும்.

தேய்த்து மெருகேற்றும் தொழிலுக்கு இப்பகுதி புதியதன்று. 1948-இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்டு ஆவதற்குமுன், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி வெளியிட்டது. 1955-இல் உருவான என்பீல்டு இந்தியா திருவொற்றியூரில் செய்த புல்லட்டின் கருப்பு டாங்கியில் பொன்னிறக் கோடுகளைக் கையாலேயே இழுக்கும் வழக்கம் புகழ்பெற்றது. எல்லாவற்றினும் நம் விஷயத்துக்கு நெருங்கியது, 1954-இல் நிறுவப்பெற்ற கார்போரண்டம் யுனிவர்சலின் திருவொற்றியூர்ச் சாணைக்கல் ஆலை. கார்போரண்டம் என்பது 1891-இல் அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் மின் உலையில் கண்டறிந்த சிலிக்கான் கார்பைடுக்கு இட்ட பெயர். பெயிண்டர்கள் தண்ணீர்விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரின் கருந்துகள் அதுவே. மெருகுக் குழம்பில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. இவ்வகைத் தேய்ப்புத் தாளுக்கு உப்புத்தாள் என்று நம் மக்கள் இட்ட பெயர், அத்தாளின் பரப்பில் துகள்கள் உப்புப் பரல்போல் மின்னுவதைக் கண்டு இட்டதாகத் தோன்றுகிறது, அழகான பெயர்.

அக்காலத்துப் பூச்சு இக்காலத்துப் பூச்சன்று. 1920-களில் அமெரிக்காவில் தோன்றிய டூக்கோ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் நம் நாட்டுப் பட்டறைகளில் நெடுநாள் ஆட்சி செய்தது; அதில் நிறமும் பளபளப்பும் ஒரே படலம். ரப்பிங் காம்பவுண்டைப் பஞ்சுவேஸ்டில் எடுத்துக் கையால் தேய்த்தால் துணி கருப்பாகும், வண்டி மின்னும், படலம் மெலிந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கம் கைமாறி வந்து, தெளிபூச்சு வண்டிகளிலும் அதே முரட்டுக் காம்பவுண்டையும் கம்பளி பஃபையும் பிரயோகிக்கச் செய்ததே இன்று நாம் காணும் மூட்டங்களில் பெரும்பகுதிக்குக் காரணம் என்பது இதை எழுதுபவனின் துணிபு.

மெருகீடு என்பது பளபளப்பைச் சேர்க்கும் வேலையன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமமாக்கும் வேலை. எடுக்கப்படுவது பெரும்பாலும் ஓரிரு மைக்ரானே. எனினும் எடுத்தது திரும்பி வராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்தும் இத்தெளிபூச்சில்தான் கலந்திருக்கிறது. ஆதலால், தேர்ந்த தொழிலாளி முதலில் பூச்சுக் கனமானியால் தகடு தகடாக அளந்து பார்க்கிறார். பட்டி பார்த்து மறுபடி அடித்த இடம் பல நூறு மைக்ரான் காட்டும். மடிப்பும் ஓரமும் எங்கும் மெல்லியவை, அவற்றைச் சிலர் டேப் ஒட்டி மறைத்துவிடுவர்.

வேலையின் தொடக்கம் கழுவுதலே. நுரையும் நீரும் ஏராளமாகவிட்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்புத்துகளையும் தாரையும் கிளே பார் என்னும் மெருகுக் களிமண்ணை வழுக்கு நீர்மத்தோடு மெல்ல இழுத்து எடுத்தபின், பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரம் மட்டும் சோதனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மிக மென்மையான ஸ்பாஞ்சு பேடும் மிக நுண்ணிய பாலிஷுமே முதலில். அதனால் கீறல் போகாவிட்டால்தான் அடுத்த முரட்டுப் படிக்குப் போகலாம். இவ்வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்களே மிகுதி. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி இயந்திரம் விரைவாகத் தேய்க்கும், விரைவாகச் சூடேற்றும், கை சற்றே சாய்ந்தால் ஹாலோகிராம் விடும். சுழன்றுகொண்டே அச்சு விலகி ஆடும் டூயல் ஆக்‌ஷன் இயந்திரம் மெதுவானது, ஆனால் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடாததால் கருப்புக்கு ஏற்றது.

மூட்டம் நீக்கல் இதனினும் நுட்பமான கலை. அது உண்டாகும் வழிகள் பல: காம்பவுண்டு முரடாயிருத்தல், தேய்ந்த பூச்சும் உலர்ந்த பாலிஷும் பேடின் துளைகளில் அடைத்துக்கொண்டு தாமே கீறும் பொருளாதல், அளவுக்கு மிஞ்சிய அழுத்தம், வெயிலில் சுடும் தகட்டில் குழம்பு நொடியில் காய்ந்துபோதல். அக்கினி நட்சத்திர நாட்களில் பகலில் கருப்புத் தகட்டைத் தொடவே முடியாதாகையால், அந்நாட்களில் மாலைக்குமேல், காற்று புகாத ஷெட்டில் இவ்வேலையைத் தொடங்குவதே நல்லது. கதவைத் திறந்துவைத்தால் கடற்காற்று மணலையே கொண்டுவந்து பேடுக்கடியில் சேர்க்கும். பரிகாரம் எளிது, பொறுமை மட்டும் வேண்டும். சுத்தமான மென் ஸ்பாஞ்சில் பட்டாணியளவு மூன்று நான்கு துளி நுண் பாலிஷ் இட்டு, இயந்திரத்தின் எடையன்றி வேறு அழுத்தமின்றி, மெதுவான வேகத்தில், ஒரு வரிசையின்மேல் மறு வரிசை பாதி ஏறுமாறு குறுக்கும் நெடுக்குமாகச் செல்லவேண்டும். ஒவ்வொரு தகடும் முடிந்தவுடன் பேடைத் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்யவேண்டும். பாலிஷின் துகள்கள் விட்டுச்செல்லும் கீறலின் ஆழம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்துக்கும், அதாவது 0.4 முதல் 0.7 மைக்ரானுக்கும், வெகுவாகக் கீழே இறங்கும்போது மூட்டம் மறைந்து கருப்பு ஆழ்கிணற்று நீர்போல் தெளிகிறது. பழைய சென்னைச் சுண்ணச் சுவர்களைக் கொத்தர்கள் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கியதும் இதே தத்துவத்தால்தான்.

இங்கே ஒரு மோசடியையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. சில கலவைகளில் எண்ணெயும் மெழுகும் சேர்ந்திருப்பதால் அவை கீறலில் நிறைந்து அதை மறைக்கின்றன. வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது குறையற்றுத் தோன்றி, சில கழுவல்களுக்குப்பின் பழைய கோலத்துக்குத் திரும்பிவிடுகிறது. வேலை முடிந்ததும் நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச் அடித்துக் காட்டும்படி கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அதன் பிறகே வேக்ஸோ செராமிக் பூச்சோ இடவேண்டும். அவை அழுக்கு ஒட்டுவதைக் குறைக்குமேயன்றி மணற்கீறலைத் தடுத்துவிடமாட்டா.

நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் கீறல் மெருகுக்குரியதன்று. அதைத் தேய்த்து எடுக்க முயன்றால் தெளிபூச்சே தீர்ந்துபோகும். அத்தகையவற்றை டச்சப் செய்வதோ விட்டுவைப்பதோ அறிவுடைமை. முழு மெருகீட்டை ஒரு கருப்பு வண்டியின் ஆயுளில் ஓரிரு தடவைக்குமேல் வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது. கடலோரத்தில் வண்டி நிறுத்துகிற சொந்தக்காரர்கள், காலையில் துடைக்க வரும் பிள்ளைகளிடம், முதலில் நல்ல தண்ணீர் விட்டு உப்பும் மணலும் ஓட வைத்துவிட்டுப் பிறகே துணியைக் கையில் எடுக்கும்படி சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு, துணியை அலசுவதற்கென்று இன்னொரு வாளியும் இன்னும் பத்து நிமிடமும்.